நாலு மாதத்தில் கறுத்துப்போன பிஎச் எலக்ட்ரோடு: தேறுமா, தூக்கிப் போடுவதா?

பாலாற்று_லேப் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூர் பக்கம் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் இருக்கிறேன். சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. மேசைமேல் வைக்கும் பிஎச் மீட்டர் (அமில, காரத் தன்மையை அளப்பது) ஒன்று இருக்கிறது. அதற்கு எலக்ட்ரோடு, அதாவது நீரில் முக்கும் கண்ணாடி உணரி, ஒன்றே ஒன்று. லைமிங் டிரம்மில் (சுண்ணாம்பும் சல்ஃபைடும் விட்டுத் தோலின் உரோமத்தைக் களையும் இடம்) இருந்து வரும் சுண்ணாம்புத் தண்ணீர், பிக்கிள் எனும் அமில உப்பு நீர், குரோம் மீட்புத் தொட்டி, கடைசியில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் கழிவுநீர் என எல்லாவற்றுக்கும் அதுவேதான். காலையில் 12க்கு மேல் இருக்கும் நீரில் முக்கி எடுத்தால், கால் மணி நேரத்தில் 2.8 இருக்கும் பிக்கிளில் முக்க வேண்டியிருக்கும்.

வாங்கி நான்கு மாதம் ஆகிறது. இப்போது 7 பஃபரில் (பிஎச் 7 என்று தெரிந்த தரக் கரைசல்) வைத்தால் எண் நிலைக்க ஐந்து நிமிடம் பிடிக்கிறது. அளவுத்திருத்தம் செய்தால் சாய்வு (ஒரு பிஎச் வித்தியாசத்துக்கு எலக்ட்ரோடு தரும் மின்னழுத்தம்) 84 சதவீதம் என்று காட்டி, மீட்டரே எச்சரிக்கைக் குறி போடுகிறது. கண்ணாடிக் குமிழின்மேல் மங்கலான வெள்ளைப் படலம். குமிழுக்குச் சற்று மேலே பக்கவாட்டில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி இருக்குமே, அது கறுத்துவிட்டது.

எலக்ட்ரோடு கண்ணாடி உடல் கொண்டது. மேலே பக்கவாட்டுத் துளை, அதன்மேல் நீல ரப்பர் வளையம். எனக்கு முன்பு இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தபடி, வேலை முடிந்ததும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய பீக்கரில் நிறுத்தி வைக்கிறோம். ரப்பர் வளையத்தைத் திறக்கவே கூடாது, உள்ளே இருக்கும் கரைசல் ஆவியாகிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

புதியது கேட்டதற்கு, "நாலு மாதத்துக்கு ஒன்றா? இது என்ன பேனாவா?" என்று கொள்முதல் பிரிவில் கேட்கிறார்கள். இதைத் தேற்ற வழி இருக்கிறதா? அறை வெப்பம் 30 டிகிரி சுமார்.


வேதியியல்_வாத்தியார் எழுதியது:

முதலில் அந்த டிஸ்டில்டு வாட்டர் பீக்கரைக் கவிழ்த்துவிடுங்கள் அம்மா. கல்லூரிகளிலேயே இந்தப் பழக்கம் இருக்கிறது. நானே வகுப்புக்கு வகுப்பு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். குமிழின் வெளிப்பரப்பில் நீர் ஏறிய மிக மெல்லிய படலம் இருந்தால்தான் கண்ணாடி ஹைட்ரஜன் அயனிக்கு மறுமொழி தரும். ஆகவே காயவிடக் கூடாது என்பது உண்மை. ஆனால் "ஈரமாக வை" என்பதைத் "தண்ணீரில் வை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அயனியே இல்லாத நீரில் வைத்தால் கண்ணாடியில் இருந்தும் உள்ளிருக்கும் கரைசலில் இருந்தும் அயனிகள் வெளியே போய்க்கொண்டே இருக்கும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள். 22.4 கிராம் உப்பை எடுத்து, 100 மில்லி ஆகும்வரை டிஸ்டில்டு வாட்டர் விட்டுக் கரைத்தால் அதுதான்.

வெள்ளைப் படலம் சுண்ணாம்பாக இருக்கும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடங்கள் வைத்துப் பாருங்கள்.


மீட்டர்_மெக்கானிக் எழுதியது:

வாத்தியார் சொன்னது சரி. அமிலத்துக்குப் போகும் முன் ஒரு வார்த்தை. உங்கள் எலக்ட்ரோடு சல்ஃபைடு தண்ணீரில் முங்கி எழுந்தது. நன்றாகக் கழுவாமல் அமிலத்தில் விட்டால் அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. எலக்ட்ரோடில் ஒட்டிய துளியில் இருந்து வருவது முகம் சுளிக்க வைக்கும் அளவுதான். ஆனால் மீதி லைம் தண்ணீரையும் மீதி அமிலத்தையும் ஒரே சிங்க்கில் அடுத்தடுத்துக் கொட்டும் ஆய்வகங்களைப் பார்த்திருக்கிறேன். தொட்டிக்குள் இறங்கிய ஆட்களைக் கொல்வதும் இதே வாயுதான். தனித்தனியாகக் கொட்டுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். சாய்வுச் சதவீதத்தை மறந்துவிட்டு மீட்டரை மில்லிவோல்ட் நிலைக்கு மாற்றுங்கள். புதிதாகக் கலக்கிய 7 பஃபரில் எவ்வளவு, 4 பஃபரில் எவ்வளவு? கூட்டலா கழித்தலா என்று குறியோடு எழுதுங்கள். உள்ளே இருக்கும் கரைசலின் மட்டம் எங்கே இருக்கிறது? வாங்கிய நாளைவிடக் குறைந்திருக்கிறதா?


பாலாற்று_லேப் எழுதியது:

7இல் கழித்தல் 42. 4இல் கூட்டல் 108. கரைசல் கொஞ்சமும் குறையவில்லை ஐயா, துளைக்குச் சற்றுக் கீழே அப்படியே இருக்கிறது. இலேசாகக் கலங்கியது போலத் தெரிகிறது.


மீட்டர்_மெக்கானிக் எழுதியது:

கரைசல் குறையாததுதான் கெட்ட செய்தி.

ராணிப்பேட்டை தொடங்கி வாணியம்பாடி வரை மீட்டர் பழுது பார்க்கிறவன் நான். என்னிடம் வரும் எலக்ட்ரோடுகளில் முக்கால்வாசிக்கு மேல் குமிழைத்தான் குற்றம் சொல்லிக் கொண்டுவருவார்கள். குமிழ் கண்ணுக்குத் தெரிகிறது, பளபளவென்று இருக்கிறது, எல்லோரும் அதையே துடைத்துத் துடைத்துக் கெடுக்கிறார்கள். பழுது பெரும்பாலும் அந்தக் கடுகளவு புள்ளியில் இருக்கிறது.

உங்கள் எண்களைப் பார்ப்போம். 30 டிகிரியில் ஒரு பிஎச் வித்தியாசத்துக்கு நல்ல எலக்ட்ரோடு 60 மில்லிவோல்ட் சொச்சம் தர வேண்டும். 4க்கும் 7க்கும் நடுவே ஏறத்தாழ 178 வரவேண்டிய இடத்தில் உங்களுக்கு 150 வருகிறது. மீட்டர் சொன்ன 84 சதவீதம் இதுதான். இது குமிழின் கதை. படலம் மூடியிருக்கிறது, எடுத்தால் தேறும்.

கழித்தல் 42 வேறு கதை. 7 பஃபரில் சுழியம் வரவேண்டும். முப்பது வரை இப்படியோ அப்படியோ இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், அதுவும் கழித்தல் பக்கம். உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு நீர்த்துப்போனால் எண் அந்தப் பக்கம் நகரும். சல்ஃபைடு உள்ளே புகுந்து, அந்தக் கரைசலில் நிற்கும் வெள்ளிக் கம்பியையே பிடித்திருந்தால் கூட்டல் பக்கம் போயிருக்கும். ஆகவே கம்பி பெரும்பாலும் தப்பித்திருக்கிறது. கறுப்பு அந்தப் பீங்கான் புள்ளியோடு நிற்கிறது என்று நம்பலாம்.

எப்படி நீர்த்தது? அந்த நீல வளையம். அளக்கும்போது அதைத் திறந்து வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் கரைசல் வெளியில் இருக்கும் நீர் மட்டத்தைவிட உயரமாக நிற்க வேண்டும். அப்போதுதான் பீங்கான் வழியாகக் கண்ணுக்குத் தெரியாமல் கரைசல் வெளியே கசியும். அந்தக் கசிவுதான் அழுக்கை உள்ளே வரவிடாமல் தள்ளி நிறுத்துகிறது. நன்றாக வேலை செய்யும் எலக்ட்ரோடில் கரைசல் மெல்ல மெல்லக் குறையும், நீங்கள் அவ்வப்போது நிரப்ப வேண்டும். துளையை மூடி வைத்தால் காற்று நுழையாது, கரைசல் இறங்காது. கசிவு நின்றால் லைம் தண்ணீர் உள்ளே ஏறும். வெள்ளி உப்பும் சல்ஃபைடும் பீங்கானுக்குள் சந்தித்தால் சில்வர் சல்ஃபைடு. அதுதான் கறுப்பு. இரவெல்லாம் டிஸ்டில்டு வாட்டரில் நின்றால் உள்ளிருக்கும் உப்பும் வெளியே போய்விடும். இரண்டு பழக்கமும் சேர்ந்து நான்கு மாதம் தாங்கியதே பெரிது.

சேமித்து வைக்கும்போது மட்டும் துளையை மூடுங்கள்.

சுத்தம் செய்வதை வரிசையாகச் செய்ய வேண்டும், மாற்றிச் செய்தால் வீண் வேலை. தோலில் இருந்து வரும் கொழுப்பு முதலில் போகட்டும்: வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புத் திரவம் சில துளிகள் விட்டு, எலக்ட்ரோடை அதில் அசைத்து, நன்றாகக் கழுவுங்கள். பிறகு வாத்தியார் சொன்ன அமிலம். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 8.3 மில்லியை ஒரு லிட்டருக்கு நீர்த்தால் 0.1 மோலார் கிடைக்கும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை அமிலத்தில் அல்ல. சுண்ணாம்புப் படலமாக இருந்தால் குமிழின்மேல் ஊசிமுனை போலக் குமிழிகள் எழும்பி, சில நிமிடங்களில் கண்ணாடி தெளியும்.

தெளிந்தும் சாய்வு ஏறவில்லை என்றால் புரதம். உரோமமும் தோலும் கரைந்த நீரில் அது இல்லாமல் இருக்காது. அதே 0.1 மோலார் அமிலம் 100 மில்லியில் 5 கிராம் பெப்சின் (புரதத்தைச் செரிக்கும் நொதி) கலந்து ஒரு மணி நேரம் வையுங்கள். உங்கள் கிடங்கில் தோலை மென்மையாக்கும் பேட்டிங் என்சைம் மூட்டையாகக் கிடக்கும், அதைப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். அது 8க்கு அருகே வேலை செய்கிற சரக்கு. அமிலத்தில் போட்டால் செத்துவிடும்.

இப்போது கறுப்புப் புள்ளி. அமிலமும் பெப்சினும் அதைத் தொடாது. 0.1 மோலார் அமிலம் 100 மில்லியில் 7.5 கிராம் தயோயூரியா கரையுங்கள். தயோயூரியா புற்றுநோய் சந்தேகம் உள்ள பொருள். கையுறை போடாமல் தொடாதீர்கள், தூளை முகராதீர்கள், பயன்படுத்தியதைச் சிங்க்கில் விடாமல் தனிக் கழிவுப் புட்டியில் சேருங்கள். பீங்கான் மூழ்கும் அளவுக்கு மட்டும் எலக்ட்ரோடை அதில் நிறுத்துங்கள். கறுப்பு முதலில் பழுப்பாகும், பிறகு சாம்பல் நிறம், அதற்குப் பிறகு வெளுக்கும். ஒரு மணி நேரத்தில் ஆகலாம், கூடுதலாகவும் பிடிக்கலாம். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், புள்ளியைப் பாருங்கள்.

அது முடிந்ததும் உள்ளே இருக்கும் கலங்கல் கரைசலை ஊசி போடும் சிரிஞ்சால் துளை வழியாக உறிஞ்சி எடுத்துவிடுங்கள். புதிய கரைசலைக் கொஞ்சம் விட்டு அலசிக் கொட்டுங்கள், இன்னொரு முறையும். பிறகு துளைக்குச் சற்றுக் கீழே வரை நிரப்புங்கள். எதை நிரப்புவது என்று எலக்ட்ரோடின் தலைப்பகுதியில் அச்சிட்டிருப்பார்கள். சில வகைகளுக்குச் சில்வர் குளோரைடு கலந்த பொட்டாசியம் குளோரைடுதான் வேண்டும். வெறும் உப்புக் கரைசல் விட்டால் கம்பியின் மேற்பூச்சு கரைந்துபோகும். குமிழுக்குள் காற்று அடைத்திருந்தால் காய்ச்சல் பார்க்கும் பாதரச தெர்மாமீட்டரை உதறுவதுபோல் கீழ்நோக்கி உதறுங்கள். மேசை விளிம்பில் பட்டுவிடாமல்.

அன்றிரவு 3 மோலார் கரைசலில் நிற்கட்டும். மறுநாள் எண்களை எழுதுங்கள்.

துடைப்பது பற்றி ஒரு புலம்பல்: டிஷ்யூவை எடுத்துக் குமிழைத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் நிலைமின்னூட்டம் ஏறி எண் அலைபாயும், நீர்ப்படலமும் போகும். வாஷ் பாட்டிலால் கழுவி, டிஷ்யூவை ஒற்றி எடுத்தால் போதும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் காய்கிறது.


வேதியியல்_வாத்தியார் எழுதியது:

நடுவே ஒன்று சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1934இல் கலிஃபோர்னியாவில் ஆர்னால்ட் பெக்மன் தன் முதல் பிஎச் மீட்டரைச் செய்தது எலுமிச்சைச் சாற்றுக்காக. அந்தச் சாறு கெடாமல் இருக்கக் கந்தக டைஆக்சைடு சேர்த்திருந்தார்கள். அது லிட்மஸை வெளுக்கச் செய்தது, அன்றைக்கு இருந்த ஹைட்ரஜன் மின்முனையையும் கெடுத்தது. அதற்குத் தப்பிக்கத்தான் கண்ணாடி மின்முனைக்குப் போக வேண்டியிருந்தது. கண்ணாடி தப்பித்தது, கூட இருக்கும் வெள்ளியைத் தோல் தொழிற்சாலையின் கந்தகம் பிடித்துக்கொண்டது.


இறால்_குட்டை எழுதியது:

நாகப்பட்டினம் பக்கம் இறால் வளர்க்கிறேன். என் மீட்டர் பேனா போன்றது, மூடியைக் கழற்றினால் உள்ளே வெள்ளை உப்புப் பூத்திருக்கிறது. கெட்டுவிட்டதா? நிரப்பும் துளை எதுவும் இல்லை.


மீட்டர்_மெக்கானிக் எழுதியது:

பூத்தது பொட்டாசியம் குளோரைடு, கெடவில்லை. கழுவிவிடுங்கள். மூடிக்குள் பஞ்சோ நுரையோ இருந்தால் அது காயாமல் சேமிப்புக் கரைசல் சில துளிகள் விடுங்கள். உங்களுடையது உள்ளே கூழ் அடைத்த வகை. நிரப்பவும் முடியாது, ஜங்ஷன் (கசிவுக்கான அந்தப் புள்ளி) அடைத்தால் பிழைக்கவும் வைக்க முடியாது. குட்டை நீருக்கு அதுவே போதும். காய்ந்து கிடந்தால் ஓர் இரவு 3 மோலார் கரைசலில் ஊறவைத்துவிட்டு 7 பஃபரில் பாருங்கள்.

கடலோரத்தில் இருப்பதால் ஒன்று: பேனா வகையில் இல்லை, ஆனால் மேசை மீட்டர் வாங்கினால் எலக்ட்ரோடைச் செருகும் பிஎன்சி இணைப்பான் ஈரம் பிடிக்காமல் பாருங்கள். குமிழின் மின்தடை நூறு மெகாஓம் கணக்கில் இருக்கும். இணைப்பானில் உப்பு ஈரம் படிந்தால் மின்னழுத்தம் அந்த வழியாகக் கசிந்து, எலக்ட்ரோடு நன்றாக இருந்தும் எண் கெடும்.


பாலாற்று_லேப் எழுதியது:

செய்து பார்த்தேன் ஐயா. சோப்பு, அமிலம், பெப்சின் மூன்றும் ஆனதும் குமிழ் புதியதுபோல் தெளிந்துவிட்டது. தயோயூரியாவில் நீங்கள் சொன்னபடியே கறுப்பு பழுப்பானது, பிறகு பெரும்பகுதி வெளுத்தது; ஓர் ஓரத்தில் பழுப்புக் கீற்று போகவே இல்லை. பழைய கரைசலை உறிஞ்சியபோது அடியில் சாம்பல் நிறத் தூள் வந்தது. தலைப்பகுதியில் "3 மோலார் பொட்டாசியம் குளோரைடு" என்று மட்டும் இருந்ததால் அதையே நிரப்பினேன்.

இன்று காலை 7இல் கழித்தல் 11, 4இல் கூட்டல் 158. ஒரு நிமிடத்துக்குள் நிலைக்கிறது. கணக்குப் போட்டால் 95 சதவீதம் வருகிறது.

இப்போது வேறு தொல்லை. லைம் தண்ணீர் 12.2 காட்டுகிறது. சுண்ணாம்பு அடியில் தங்கும் அளவுக்கு இருந்தும் 12.5 வரவில்லை, எலக்ட்ரோடு இன்னும் சரியில்லை என்கிறார் மேற்பார்வையாளர்.


மீட்டர்_மெக்கானிக் எழுதியது:

தேறிவிட்டது. அந்தக் கீற்றை விடுங்கள். சிலர் உப்புத்தாளால் பீங்கானைத் தேய்ப்பார்கள். எலக்ட்ரோடு செத்தால் போகட்டும் என்று இருக்கும் நாளில் செய்கிற வேலை அது.

12.2 பற்றி மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்: தெவிட்டிய சுண்ணாம்பு நீர் 25 டிகிரியில்தான் 12.45. 30 டிகிரியில் அது 12.3 சுமார்தான். வெப்பம் ஏற ஏற அந்த நீரின் பிஎச்சே இறங்கும். ஒரு டிகிரிக்கு 0.03 சொச்சம். மீட்டரில் வெப்பத் திருத்தம் இருக்கிறதே என்பார். அது எலக்ட்ரோடின் சாய்வை மட்டும் திருத்தும். தண்ணீரின் குணத்தை 25 டிகிரிக்கு மாற்றிக் காட்டாது. சித்திரை வெயிலில் டிரம்மில் இருந்து எடுத்த நீர் 12.1 காட்டினால் அது உண்மையான 12.1 ஆகவே இருக்கலாம். வெப்பத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

மிச்சம் இருக்கும் கொஞ்சம் குறைவுக்கு இரண்டு காரணம். ஒன்று, நீங்கள் 4, 7 பஃபரில் திருத்திவிட்டு 12ஐ அளக்கிறீர்கள். அந்தப் பக்கத்துக்கு 7, 9.2 அல்லது 7, 10 வைத்துத் திருத்த வேண்டும். கார பஃபர் காற்றில் இருந்து கார்பன் டைஆக்சைடை உறிஞ்சி இறங்கிவிடும். பீக்கரில் ஊற்றியதை அன்றே கொட்டுங்கள், பாட்டிலுக்குத் திருப்பி ஊற்றாதீர்கள். இரண்டு, உங்கள் நீரில் சோடியம் சல்ஃபைடும் இருக்கிறது. 12க்கு மேலே சாதாரணக் கண்ணாடி சோடியத்தையும் கொஞ்சம் ஹைட்ரஜன் என்று எண்ணிக்கொள்ளும். எண் குறைவாகத்தான் வரும். அதற்கென்றே உயர் கார வகைக் கண்ணாடி விற்கிறார்கள்.


பாலாற்று_லேப் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. கொள்முதலுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். லைமுக்கு ஒன்று, பிக்கிளுக்கு ஒன்று என்று இரண்டு கேட்கலாம் என்று இருக்கிறேன். என்னவென்று எழுதுவது?


மீட்டர்_மெக்கானிக் எழுதியது:

இரண்டாவதைக் கேட்காதீர்கள், இப்போது தேற்றியதே பிக்கிளுக்கும் குரோம் தொட்டிக்கும் போதும். லைமுக்கும் கழிவுநீருக்கும் ஒன்று கேளுங்கள். "இரட்டை ஜங்ஷன், மீண்டும் நிரப்பக்கூடியது, பிஎச் 0 முதல் 14 வரை, உயர் காரத்துக்கு ஏற்ற கண்ணாடி, பிஎன்சி இணைப்பான்" என்று எழுதுங்கள். இரட்டை ஜங்ஷன் என்பது எழுத்தில் இருக்கட்டும். எழுதாவிட்டால் விலை குறைந்த ஒற்றையை அனுப்பிவிடுவார்கள். இரட்டையில் வெள்ளி இருக்கும் அறைக்கும் லைம் தண்ணீருக்கும் நடுவே இன்னோர் அறை இருக்கும். சல்ஃபைடு வெளி அறையோடு நின்றுவிடும், அந்தக் கரைசலை மட்டும் வாரம் ஒருமுறை மாற்றினால் போதும். அதே விண்ணப்பத்தில் பொட்டாசியம் குளோரைடு அரை கிலோவும் சிரிஞ்சு இரண்டும் சேர்த்துவிடுங்கள், தனியாகக் கேட்டால் அதற்கும் ஒரு மாதம் ஆக்குவார்கள்.